தொடாதே மாமாவின் ஆயிரம் ரூபாய்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து, ஆணி கழன்ற படம் போல ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. சின்ன ர, பெரிய ற எல்லாவற்றையும் பத்திரிகைக்காரர்கள் அதனதன் இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நான்கு பேர் நடுவில் வாய் திறக்காதவன் நான். ஆனால் இந்த மனிதரைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும்.

ஆயிரம் ரூபாயைப் பல மடங்கு பணம் கொடுத்து வாங்கி, வாங்கிய ஆயிரத்தில் ஒரு டீ கூடக் குடிக்காத மனிதர் சென்னைப் பட்டணத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தொடாதே மாமா.

மயிலாப்பூர் தெப்பக்குளத்திலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி, ஒரு சந்தில் எனக்குப் படம் சட்டம் போடும் கடை. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம், பட்டம் வாங்கிய பிள்ளை படம், எது வந்தாலும் கண்ணாடி போட்டுத் தருவேன். மாமா வீடு எதிர் வரிசையில் மாடியில். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். கரண்ட் பில்லில் அச்சாகிக்கூட வந்திருக்கும். தெருவுக்கு அது தெரியாது. அண்ணா சாலையில் ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளிக் காசு சேர்க்கிறவர், யார் கை நீட்டினாலும் "தொடாதே" என்கிறவர். அவ்வளவுதான் தெருவுக்குத் தெரிந்த ஜாதகம்.

முதல் நாள் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. கடைக்கு வந்து ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். நான் விரலை நீட்டினேன். "தொடாதே" என்றார். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வார்த்தை பழைய வார்த்தை. நான் கையை இழுத்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தேன். ஒரு வாரம் கழித்து, அவருடைய சொந்தச் சம்பந்தி அதே பெட்டியில் கையை வைக்கப் போக, அவரையும் நடுத்தெருவில் "தொடாதேங்கறேனே" என்று அலறினார். பாங்கு மேனேஜர், கோயில் குருக்கள், பேரன், யாருக்கும் விலக்கில்லை. மாமிக்கும் இல்லை. மாமி என்னிடம் சொன்னது இது: "ஏழுமலை, கல்யாணத்தன்னிக்கே இந்தப் பைத்தியம் இருந்திருந்தா, கையுறை மாட்டிண்டுதான் என் கையைப் பிடிச்சிருப்பார்."

கையுறை என்று மாமி சொன்னது வெள்ளைப் பருத்திக் கையுறை. காசு பார்க்கும்போது மாட்டிக்கொள்வார். பார்த்து முடித்த பிறகு கழற்ற மறந்துவிடுவார். அப்படியே ஒரு நாள் தேனாம்பேட்டை சிக்னலில் ரோட்டைக் கடக்கும்போது மூக்குக் கண்ணாடியைச் சரி செய்யக் கையைத் தூக்கியிருக்கிறார். இரண்டு பஸ்ஸும் ஒரு தண்ணீர் லாரியும் நின்றுவிட்டன. மாமா அண்ணாந்து பார்த்தார், லாரி டிரைவருக்கு நன்றி சொன்னார், நடு ரோட்டில் நின்றபடியே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். போலீஸ்காரரே அவர் போகும் வரை காத்திருந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

எதற்கு இந்தக் கெடுபிடி என்று அவர்தான் எனக்கு விளக்கினார். நாம் செலவு செய்கிற காசை அச்சில் ஒரே அடியில் அடித்துத் தள்ளிவிடுவார்கள். சேகரிப்பவர்களுக்கென்று தனியாக அடிக்கிற காசு ப்ரூஃப் காசு. அதற்கு அச்சையும் மெருகேற்றி, வெள்ளி வில்லையையும் மெருகேற்றி, ஒரு முறைக்கு இரு முறை அடிப்பார்கள். வெறும் இடமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னும். உருவம் மட்டும் பனி படிந்தது போல வெளுப்பாக நிற்கும். அதன் மேல் ஒரு விரல் பட்டால் அந்த ரேகை இன்று தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பழுப்பாக எழுந்து வரும். துடைக்கலாமே என்றால் அது அதைவிடப் பெரிய பாவம். "அழுக்கு வந்தா வந்துட்டுப் போறது. காசைத் துடைச்சவனுக்குக் கதி மோட்சம் கிடையாது" என்பார். துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஆயிரம் விழுந்து மினுமினுப்பே போய்விடுமாம். காசைத் தொடக் கூடாது, தொட்டுவிட்டால் துடைக்கக் கூடாது. மாமாவின் வேதம் இந்த இரண்டு வரிதான்.

நான் சட்டத்துக்கு மரம் இழைக்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ரூபாயின் கதையைச் சொல்வார். ரூபாய் என்றாலே வெள்ளி என்றுதான் அர்த்தமாம். ஷேர்ஷா என்று ஒரு ராஜா, கிட்டத்தட்ட ஒரு தோலா, அதாவது பதினோரு கிராம் சொச்சம் வெள்ளியில் அதை அடித்தான். கம்பெனிக்காரன் வந்தான், ராணி வந்தாள், ராஜாக்கள் வந்தார்கள், எல்லாரும் வெள்ளியில் அடித்தார்கள். யுத்தம் வந்ததும் வெள்ளி பாதியானது. பிறகு அதுவும் போய் நிக்கல் வந்தது. "வெள்ளி போயிடுத்து, பேர் மட்டும் நிக்கறது பாரு" என்று என்னவோ நான்தான் எடுத்துக்கொண்டு போனது போல என்னைப் பார்ப்பார்.

அவருக்குப் பிடித்த கதை பன்றி ரூபாய். ஒரு வெள்ளைக்கார ராஜாவின் தலையை ரூபாயில் போட்டார்கள். ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டான் எவனோ. ஜனங்களுக்கு அது பன்றி மாதிரி தெரிந்தது; அந்தக் காசு வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்த வருஷமே தும்பிக்கையை நீட்டி வேறு அச்சு போட வேண்டியதாயிற்று. "சூரியன் அஸ்தமிக்காத ராஜ்ஜியம். ஒரு தும்பிக்கை கவுத்துடுத்து" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். கையுறை போட்டிருப்பதால் சத்தம் வராது.

பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா என்கிற கணக்கை அவர் மனசு கடைசிவரை விடவில்லை. கீரைக்காரம்மா ஒரு கட்டு இருபது ரூபாய் என்றால், "முந்நூத்தி இருபது அணாவா?" என்று மார்பில் கை வைத்துக்கொள்வார். அந்தம்மா அசரமாட்டாள். "அணாவோ கிணாவோ, உனுக்குக் கீரை வோணுமா வோணாமா நைனா? வெய்யில்ல வாடிக்கினு கீது" என்பாள். மாமா இருபது ரூபாய் கொடுத்துவிட்டு முந்நூற்று இருபது அணா கொடுத்த முகத்தோடு வருவார்.

இனி அந்த ஆயிரம் ரூபாய். தஞ்சாவூர் பெரிய கோயில் கட்டி ஆயிரம் வருஷம் ஆனதற்காகச் சர்க்கார் ஒரு வெள்ளிக் காசு வெளியிட்டது. முக்கால் பங்குக்கு மேல் வெள்ளி, மீதி செம்பு. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் கோயில் கோபுரம். மதிப்பு ஆயிரம் ரூபாய். மாமா பணம் கட்டிவிட்டு மாதக் கணக்கில் தபால்காரரை மறித்து மறித்து, அவர் எங்கள் சந்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகிற நிலைமைக்கு வந்த பிறகு பார்சல் வந்தது. அன்று மாமா வீட்டில் பாயசம்.

சில வருஷம் கழித்து, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று ஒரு ராத்திரி அறிவித்தார்களே, ஞாபகம் இருக்கும். மறு வாரம் பாங்கு வாசலில் வரிசை குளத்தங்கரை வரைக்கும் நின்றது. நானும் நின்றேன். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையின் ஓரமாக மாப்பிள்ளை போல நடந்து வந்தார். கையில் பெட்டி. "நோட்டுதான் செல்லாது. காசுக்குத் தடை இல்லை. இன்னிக்குத் தேதிக்கு இந்த வரிசையில செல்லுபடியாற ஆயிரம் ரூபா என்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்று ஒவ்வொருவரிடமும் திறந்து காட்டினார்.

எனக்கு முன்னால் நின்ற மீன்பாடி வண்டிக்காரர் அதை உற்றுப் பார்த்தார். "செல்லுமா?"

"பேஷா."

"அப்ப அத்தக் குட்த்து அல்லாருக்கும் ஒரு டீ சொல்லு மாமா."

மாமா பெட்டியைப் பட்டென்று மூடினார். வரிசை முழுக்கச் சிரித்தது. வெய்யிலில் வெகு தூரம் நடந்திருந்தார்; நாக்கு வறண்டு நின்றார். வேறு சில்லறை அவரிடம் இல்லை. செல்லுபடியாகிற ஒரே ஆயிரத்தின் சொந்தக்காரருக்கு, செல்லாத நோட்டு வைத்திருந்த நான்தான் கடன் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

இத்தனை பெருமைக்கும் நடுவில் மாமாவுக்கு ஒரே ஒரு முள். தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசு சேர்ப்பவர்கள் வருஷா வருஷம் கண்காட்சி வைப்பார்கள். முதல் பரிசு ஒரு கோப்பை. ஏழு வருஷமாக மாமாவுக்கு இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு ஏழு வருஷமும் தி. நகரில் வெள்ளிப் பாத்திரக் கடை வைத்திருக்கும் தெற்கத்தி அண்ணாச்சிக்கு. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கோப்பையை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்து, "என்ன சார்வாள், இந்த வருசமும் நமக்குப் பொறத்தாலதானா?" என்று விசாரிப்பார். மாமா அலுவலகத்திலும் முப்பது வருஷம் இரண்டாம் மேஜைதான். பெரியவர் லீவு போட்டால்கூட முதல் நாற்காலியில் உட்கார வைக்கமாட்டார்களாம். "ஒரே ஒரு தரம், ஏழுமலை" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மாமி கொலு வைக்கும்போது மேல் படியில் கலசத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாகவே இருக்கும். கோப்பைக்கு. ஏழு நவராத்திரியாக அங்கே எந்தப் பொம்மையும் ஏறவில்லை.

எட்டாவது வருஷம் மாமா என் கடைக்கு வந்து, தேக்கில் ஒரு பெரிய பலகை செய்யச் சொன்னார். 'ரூபாயின் கதை' என்று தலைப்பு. வட்ட வட்டமாகக் குழி வெட்டி, ஷேர்ஷாவிலிருந்து பன்றி ரூபாய் வழியாக நயா பைசா வரை வரிசையாக உட்கார வைத்து, உச்சியில் பெரிய கோயில் காசு. மேலே ஒரே கண்ணாடி. மூன்று வாரம் செதுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

ஒரு சிக்கல். ஆயிரம் ரூபாய்க் காசு ஒரு பிளாஸ்டிக் சிமிழில் இருந்தது. சிமிழோடு வைத்தால் கண்ணாடி உட்காராது. மாமா அரை மணி நேரம் யோசித்தார், கும்பிட்டுக்கொண்டார், கையுறை மாட்டினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு சிமிழைத் திறந்து காசைக் குழியில் வைத்தார். பலகையின் ஓரச் சட்டத்தில் பசை காய வேண்டும். கண்ணாடி மறுநாள்தான் போட முடியும். "நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். அதுவரைக்கும் நீ அந்தப் பக்கம் மூச்சு கூட விடாதே" என்று சொல்லிவிட்டு, மூன்று முறை வாசல் வரை போய் மூன்று முறை திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆயுத பூஜை.

விடிந்ததும் கடையைக் கழுவினேன். சந்தனம் குழைத்தேன். முதலில் வாசல் நிலைக்கு. அப்புறம் வாள், இழைப்புளி, சுத்தியல், கண்ணாடி அறுக்கும் வைரம், அளவுகோல், கல்லாப்பெட்டி, மின்சார மீட்டர், என் மொபெட். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். கை ஒரு தாளத்தில் போய்க்கொண்டே இருந்தது. வருஷா வருஷம் இப்படித்தான். மேஜை மேல் ஏதோ கோபுரம் தெரிந்தது. கோபுரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். ஓரடி பின்னால் போய்ப் பார்த்தேன். லட்சணமாக இருந்தது. அடுத்ததாக ஸ்டூலுக்கு வைக்கக் குனிந்தேன்.

குனிந்தவன் அப்படியே நின்றேன்.

வடபழனியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அக்கா வீட்டுக்கு எத்தனை நாள் ஓட முடியும்? ஈரத்துணியை எடுத்தேன். பலகைக்கு மேலே கொண்டுபோகும்போது வாசலில் குரல் வந்தது.

"தொடாதே!"

பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் ஒன்பதுக்கே வந்துவிட்டார். நேராகப் பலகையைப் பார்த்தார். ரூபாயின் கதையில் ஐந்நூறு வருஷத்துக்கு அப்புறம், உச்சியில், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பொட்டு. மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். சுத்தியலைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் வச்சேன் சார்" என்றேன்.

"ஏம்ப்பா?"

"கோபுரம் இருந்துச்சி சார். கை போய்ட்சி."

துடைத்துவிடட்டுமா என்று ஜாடையாகத் துணியைக் காட்டினேன். "கூடாது" என்றார். குரல் கிணற்றிலிருந்து வந்தது. அவர் வேதத்தின் இரண்டாவது வரி அது. அதை அவரே எப்படி மீறுவார்? "தும்பிக்கை, ஏழுமலை. அவனுக்குத் தும்பிக்கை. எனக்குப் பொட்டு" என்றார். பிறகு, "கண்ணாடியைப் போடு" என்றார். போட்டேன். பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கையுறையை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தி. நகர் மண்டபத்தில் நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். மாமா பலகையைச் சுவரோரம் வைத்துவிட்டு, பக்கத்தில் பரீட்சை தவறிய பையன் போல நின்றிருந்தார். தீர்ப்புச் சொல்பவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பொட்டைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்கள்.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். வழக்கமான கேள்வியை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்தார். குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். கடைவீதிக்குத் துணி வாங்க வந்து, மண்டபத்தில் மின்விசிறி ஓடுவதைப் பார்த்து உள்ளே நுழைந்திருந்த கூட்டம் அத்தனையும் அண்ணாச்சிக்குப் பின்னால் வரிசையாக நின்றது. யாரோ ஒரு அம்மா தலையிலிருந்த பூவில் ஒரு கண்ணி எடுத்துப் பலகையின் மேல் வைத்தார். ஒருவர் இரண்டு ரூபாய்க் காசு ஒன்றை முன்னால் போட்டுக் கும்பிட்டார். இன்னொருவர் ஐந்து ரூபாய். மத்தியானத்துக்குள் ஷேர்ஷாவுக்கும் ராணிக்கும் பன்றிக்கும் சேர்த்து எல்லாருக்கும் கும்பிடு விழுந்துவிட்டது. அண்ணாச்சியின் அரிய காசுகள் இருந்த மேஜையில் அவருடைய கணக்குப்பிள்ளை மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பரிசு சொன்னார்கள். முதல் பரிசு அண்ணாச்சி. இரண்டாம் பரிசு வேறு யாரோ. சேதமடைந்த காசு என்று மாமாவுக்கு ஆறுதல் பரிசு கூட இல்லை. அண்ணாச்சி கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "சார்வாள், கப்பு நமக்கு. கும்பிடு பூரா உங்களுக்கு" என்றார். குரலில் கிண்டல் இல்லை.

நான் தூணிலிருந்து வெளியே வந்து பலகையைத் தூக்க ஒரு கை கொடுத்தேன். மாமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆட்டோ நந்தனம் தாண்டியது. அப்புறம், எதிரே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏழு வருஷமா எல்லாரும் கையைப் பின்னால கட்டிண்டு பாத்துட்டுப் போவா. இன்னிக்குத்தான் ஒருத்தர் கிட்டக்க வந்தா."

அந்த வருஷத்துக்குப் பிறகு மாமா கண்காட்சிக்குப் போகவில்லை. மாமி அடுத்த கொலுவில் அந்த ஒரு சாண் இடத்தில் செட்டியார் பொம்மையை ஏற்றிவிட்டார். மளிகைக் கடை செட்டியார் மேல் படியில் கலசத்துக்குச் சமமாக உட்காரலாமா என்று கொலு பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கு, "எட்டு வருஷம் காத்திண்டிருந்தார், உக்காரட்டும்" என்றாராம்.

அந்த அடுத்த வருஷத்து ஆயுத பூஜையன்று காலை நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்தார். சிமிழ் இல்லை, பெட்டி இல்லை, வெறும் உள்ளங்கையில். போன வருஷத்துப் பொட்டு கறுத்து, கோபுரத்தில் பாதியை மறைத்திருந்தது. நான் ஓடிப்போய் மேஜை டிராயரில் வைத்திருந்த அவருடைய வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். துவைத்து மடித்துத்தான் வைத்திருந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு அவர் எதிரில் பாண்டு வாத்தியக்காரன் போல நின்றேன்.

மாமா கையுறையைப் பார்த்தார்.

"அதைக் கழட்டுப்பா."

கழற்றினேன்.

"ம். தொடு" என்றார்.

அதிலிருந்து வருஷா வருஷம் வருவார். சுத்தியலுக்கு வைத்து, வைரத்துக்கு வைத்து, மீட்டருக்கு வைத்து, பிறகு அவர் கையில் இருக்கிற காசுக்கு. இப்போது கோபுரம் தெரியாது. அத்தனை வருஷத்துச் சந்தனம். துடைக்கக் கூடாதே. வேறு புதுப் பெயர் வைக்கலாம் என்று தெரு கொஞ்ச நாள் யோசித்தது. பழக்கத்தை விட முடியவில்லை, தொடாதே மாமாவாகவே இருக்கிறார்.

போன சித்திரையில் மாமாவும் மாமியும் அடையாறில் இருக்கிற மகள் வீட்டுக்கே போய்விட்டார்கள். மயிலாப்பூரில் பிறந்தவருக்கு ஆற்றைத் தாண்டினாலே வெளிநாடு. முட்டி வலி, மாடிப்படி இறங்க முடியவில்லை, இந்த வருஷம் வர இயலாது என்று நேற்று மாமி போன் செய்து சொன்னார். இன்று மறுபடியும் மாமியின் போன். மாமா காலையில் எழுந்ததிலிருந்து காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாராம். காப்பி கொடுத்தால், வாங்க இன்னொரு கைதான் காலியாக இருக்கிறது என்றாராம்.

சந்தனம் குழைத்து மூடி போட்டுவிட்டேன். ஆட்டோ வாசலில் நிற்கிறது. காய்ந்துவிடுவதற்குள் போக வேண்டும்.

ஆயுத பூஜை, புதன்கிழமை, 1-10-2025.